"பாத்தா தெரியும்"னு சொன்னதுக்கு மூணு வருஷம் ஜெயில் – டர்பன்ல எங்க குடும்பத்துக்கு நடந்தது

இத எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சு தள்ளிப் போட்டுகிட்டே இருந்தேன். என் மச்சினன், அதாவது வீட்டுக்காரம்மாவோட தம்பி, இப்ப ஊர்ல இருக்கான், கல்யாணம் ஆகி ஒரு பொண்ணும் இருக்கு. அவன்கிட்ட கேட்டுட்டுதான் எழுதுறேன். "எழுதுங்க மாமா, பேரு மட்டும் வேணாம்"னு சொன்னான். அதனால யார் பேரும், எந்த ஸ்டேஷன் பேரும், எந்த கோர்ட் பேரும் இதுல வராது. வெளிநாட்டுல வேலை பாக்குற நம்மாளுங்க யாராவது ஒருத்தருக்கு உதவுனா போதும்.

நான் தென்னாப்பிரிக்காவுல இருக்குற டர்பனுக்கு வந்தது 2009ல. வெருலம் பக்கம் ஒரு ஹார்ட்வேர் கடையில கணக்கு பாக்குறேன். மச்சினன் அறந்தாங்கி பக்கத்து கிராமம், பத்தாவது வரைக்கும் படிச்சவன், 2014ல ஒரு மொத்த மளிகை குடோன்ல வேலைக்கு வந்தான். மூட்டை இறக்குறது, கேட்ட திறந்து மூடுறது, சாயங்காலம் ஸ்டாக் எண்ணி வைக்கிறது, இதுதான் வேலை. அவனுக்கு இங்கிலீஷ்னா எஸ், நோ, கம், கோ, பாஸ், டுமாரோ அவ்வளவுதான். இங்க உள்ளவங்க பேசுற ஜூலு பாஷை அதுலயும் கம்மி, சனிபோனான்னு வணக்கம் சொல்லுவான்.

இன்னொரு விஷயமும் இங்கயே சொல்லிடுறேன், பின்னாடி இதுதான் எல்லாத்துக்கும் காரணமாச்சு. டர்பன்ல நாயுடு, பிள்ளை, கவுண்டர், படையாச்சின்னு பேரு வச்சவங்க தெருவுக்குத் தெரு இருப்பாங்க. 1860ல மெட்ராஸ்லேருந்து ட்ரூரோங்கிற கப்பல்ல கரும்புத் தோட்டத்துக்கு வந்தாங்கல்ல, அதுக்கப்புறம் வந்த கப்பல்கள்ல வந்தவங்க, அவங்க வாரிசுங்க. ஆடி மாசம் மாரியம்மனுக்கு கூழ் ஊத்துறதும், தைப்பூசத்துக்கு காவடி எடுக்குறதும் நம்ம ஊர விட பக்தியா செய்வாங்க. ஆனா பேச்சு பூரா இங்கிலீஷ். வயசானவங்க சிலர் பேசுவாங்க, அதுவும் அவங்க ஆயா தாத்தாகிட்ட கேட்ட தமிழ். அந்தத் தமிழ நான் குறை சொல்லல, நூத்தம்பது வருஷம் காப்பாத்தி வச்சிருக்காங்களேன்னு பல தடவை கண்ணு கலங்கியிருக்கேன். ஆனா கோர்ட்டுல ஒருத்தனோட பதினஞ்சு வருஷத்த அந்தத் தமிழ் மேல தூக்கி வச்சா அது தாங்காது.

2015 செப்டம்பர், ஒரு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் குடோன் மூடுற நேரம், டெலிவரி யூனிஃபார்ம் போட்ட ஒருத்தன் கையில ஏதோ பேப்பரோட கேட்ட தட்டியிருக்கான், மச்சினன் திறந்திருக்கான், பின்னாடியே மூணு பேர் துப்பாக்கியோட உள்ள வந்துட்டாங்க. எல்லாரையும் குப்புற படுக்கப் போட்டு, வார வசூல் பூரா எடுத்துகிட்டு பத்து நிமிஷத்துல போயிட்டாங்க. மச்சினன் தலையில துப்பாக்கிக் கட்டையால ஒரு அடி வேற. யாருக்கும் உயிருக்கு ஒண்ணும் ஆகல. அன்னைக்கு ராத்திரி நாங்க மாரியம்மாளுக்கு நன்றி சொல்லிகிட்டு இருந்தோம்.

சாட்சி சொல்லத்தான் அவன ஸ்டேஷனுக்கு கூட்டிட்டுப் போனாங்க. நானும் கூடப் போகக் கிளம்புனேன், ரெண்டு கேள்விதான், வேணாம்னு சொல்லிட்டாங்க, நானும் சரின்னு விட்டுட்டேன். இன்னைக்கு வரைக்கும் மனசுல முள்ளா இருக்கிறது அதுதான். ராத்திரி பதினோரு மணிக்கு போன் வருது, அவன அரெஸ்ட் பண்ணியாச்சுன்னு.

உள்ள என்ன நடந்துச்சுன்னு பின்னாடி அவன் சொன்னது. ஒரு ஆபீசர் கேட்டிருக்கார், "டூ யூ நோ தெம்?" இவனுக்கு அது என்ன கேள்வியா பட்டுச்சுன்னா, அவங்கள உனக்கு அடையாளம் தெரியுமான்னு. நம்ம பாஷையில நாம என்ன சொல்லுவோம்? பாத்தா தெரியும் சார். அத அப்படியே இங்கிலீஷ்ல போட்டிருக்கான், "எஸ் சார், சீ, நோ". சீன்னா பாத்தா, நோன்னா தெரியும். அவ்வளவுதான். அந்த ஆபீசர் எழுதுனது, வந்த ஆளுங்கள எனக்குத் தெரியும், கேட்ட நான்தான் திறந்து விட்டேன்னு. ரெண்டு பக்கம் இங்கிலீஷ்ல எழுதி கீழ கையெழுத்து போடச் சொன்னாங்க, போட்டான். அந்தப் பேப்பர் ஜெராக்ஸ் இப்பவும் என்கிட்ட இருக்கு. பூரா இங்கிலீஷ், ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழ இவனோட கையெழுத்து தமிழ்ல. ரெண்டாவது பக்கத்துல ஒரு ப்ளூ இங்க் கறை இருக்கும், அவன் கை நடுங்கி பேனா அழுந்துனது. அந்த ஒரு கையெழுத்தப் பாத்தாலே யாருக்காவது தோணியிருக்கணும், தமிழ்ல கையெழுத்து போடுறவன் இத படிச்சுட்டுதான் போட்டானான்னு. யாருக்கும் தோணல.

இந்த இடத்துல முக்கியமா ஒண்ண சொல்லிடுறேன். தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்துல 35வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, கைதானவங்களோட உரிமை பூரா அதுலதான். பேசாம இருக்க உரிமை உண்டு, வக்கீல் வச்சுக்க உரிமை உண்டு, காசு இல்லாட்டி அரசாங்க செலவுல வக்கீல் கேக்கலாம், நமக்குப் புரியுற பாஷையில எடுத்துச் சொல்லணும்னும் இருக்கு. 48 மணி நேரத்துக்குள்ள கோர்ட்டுல நிறுத்தணும், ஆனா அந்த 48 மணி நேரம் கோர்ட் இல்லாத நேரத்துல முடிஞ்சா அடுத்த கோர்ட் நாள் வரைக்கும் இழுக்கலாம், அதனாலதான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் புடிச்சா திங்கக்கிழமை வரைக்கும் உள்ளயே இருக்கணும். உங்களுக்கு எவ்வளவு இங்கிலீஷ் தெரிஞ்சாலும் சரி, ஸ்டேஷன்ல மூணே வார்த்தைதான்: லாயர், இன்டர்ப்ரெட்டர் (மொழிபெயர்ப்பாளர்), நோ சைன் (கையெழுத்து போட மாட்டேன்). நான் நிரபராதி, எனக்கென்ன பயம், எல்லாத்தையும் சொல்லிடுறேன்னு ஆரம்பிக்கிறவங்கதான் மாட்டுறாங்க. மச்சினன் மறைக்க ஒண்ணுமே இல்லாததாலதான் அவ்வளவு பேசுனான்.

எங்க வக்கீல் பின்னாடி ஒண்ணு விளக்குனாங்க. குத்தத்த முழுசா ஒத்துக்கிட்டேன்னு எழுதுனா அது கன்ஃபெஷன், அது செல்லணும்னா யார்கிட்ட குடுத்தது எப்படி குடுத்ததுன்னு சட்டம் கெடுபிடியா இருக்கு. ஆனா இந்த மாதிரி, அவங்கள தெரியும், கேட்ட திறந்தேன்னு அரைகுறையா இருக்குறது வெறும் அட்மிஷன், அதுக்கு அவ்வளவு கெடுபிடி கிடையாது, சுலபமா உள்ள வந்துடும். நம்மாளுங்க மாட்டுறது பெரும்பாலும் இந்த ரெண்டாவதுலதான்.

பெயில் கிடைக்கல. துப்பாக்கி சம்பந்தப்பட்ட கொள்ளைன்னா ஷெட்யூல் 6ங்கிற கடும் குற்றப் பட்டியல்ல வரும், அதுல பெயில் வேணும்னா அசாதாரணமான காரணம் இருக்குன்னு நாமதான் நிரூபிக்கணும். இவன் வெளிநாட்டுக்காரன், சொந்த வீடு கிடையாது, ஒர்க் பெர்மிட்டு, ஓடிப் போயிடுவான்னு சொல்லி மறுத்துட்டாங்க. அப்ப எங்ககிட்ட இருந்த வக்கீல் இலவச வக்கீல். அவர் நல்ல மனுஷன், ஆனா கையில அன்னைக்கு ஒரே நாள்ல இருபது கட்டு இருந்துச்சு. அதுக்கப்புறம் கேஸ் முடியறதுக்குள்ள மூணு பேர் மாறிட்டாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் முதல்லேருந்து கதை சொல்லணும். இந்தியன் பாஸ்போர்ட்டுன்னா கான்சுலேட்டுக்குத் தகவல் குடுக்கச் சொல்லி கேக்க உரிமை இருக்கு, வியன்னா ஒப்பந்தம் 36வது பிரிவு, அது எங்களுக்கு நாலாவது நாள்தான் கோயில் ஐயர் சொல்லித் தெரிஞ்சுது. முத நாளே கேளுங்க.

இன்னொரு தப்பு நாங்க செஞ்சது கேமரா விஷயம். குடோனுக்கு எதிர் டயர் கடையில கேமரா இருந்துச்சு, கேட்டு வாசல் நல்லாத் தெரியும். நான் போய் கேட்டது ஆறு வாரம் கழிச்சு, பழசு எல்லாம் அழிஞ்சு போச்சு அண்ணாங்கிறாங்க. அது இருந்திருந்தா கதையே வேற. போலீஸ் எடுப்பாங்கன்னு நினைச்சேன். யாரும் எடுக்க மாட்டாங்க, குடும்பத்துல ஒருத்தர் மறுநாளே போய் நிக்கணும், குடுக்கலன்னாலும் அழிச்சிடாதீங்கன்னு எழுதிக் குடுத்துட்டு ஒரு நகல்ல சீல் வாங்கிட்டு வரணும்.

கேஸ் நடந்தது ரீஜனல் கோர்ட்டுல. இங்க ஜூரி கிடையாது, 1969லயே எடுத்துட்டாங்க, மாஜிஸ்ட்ரேட் ஒருத்தர்தான் எல்லாம். இவனுக்கு எதிரா இருந்தது ரெண்டே ரெண்டு. ஒண்ணு அந்த ஸ்டேட்மென்ட். இன்னொண்ணு வாட்ச்மேன், கொள்ளைக்கு ரெண்டு நாள் முன்னாடி அந்த நாலு பேர்ல ஒருத்தன்கூட இவன் கேட்டுகிட்ட நின்னு பேசிகிட்டு இருந்தத பாத்தேன்னு சொன்னார். அந்த கேட்டுல ஒரு நாளைக்கு நூறு பேர் வந்து அரிசி என்ன வெலைன்னு கேப்பாங்க. அது மட்டும் இல்ல, வாட்ச்மேன் கொள்ளை நடந்த அன்னைக்கு குடுத்த முதல் ஸ்டேட்மென்ட்ல இந்த விஷயமே இல்ல, மூணு வாரம் கழிச்சு குடுத்த ரெண்டாவதுலதான் வருது. இது எப்படித் தெரிஞ்சுதுன்னா, போலீஸ் டாக்கெட்ட, அதாவது கேஸ் ஃபைல, நம்ம வக்கீல் கேட்டு வாங்கலாம், 1995ல ஷபலாலாங்கிற வழக்குல அரசியல் சட்ட கோர்ட் குடுத்த உரிமை அது. டாக்கெட்ல ஏ, பி, சின்னு மூணு பகுதி இருக்கும், சாட்சிங்களோட ஸ்டேட்மென்ட் எல்லாம் ஏ பகுதியில, தேதியோட. தேதி வாரியா அடுக்கி வச்சு நீங்களே ஒரு தடவை படிங்க. நான் கணக்கு பாக்குறவன், தேதி மாறுனா என் கண்ணுக்கு உடனே படும், நான்தான் அத மூணாவது வக்கீலுக்கு காட்டுனேன். அவரும் கேட்டார், வாட்ச்மேன் அன்னைக்கு பதட்டத்துல மறந்துட்டேன்னு சொன்னார், அதோட விட்டுட்டாங்க.

இப்ப அந்த முக்கியமான நாள். மச்சினன் கூண்டுல ஏறி தமிழ்ல சாட்சி சொன்னான். மொழிபெயர்க்க ஒரு பெரியவர கூட்டிட்டு வந்திருந்தாங்க, எழுபது வயசு இருக்கும், நெத்தி நிறைய விபூதி, கோயில்ல தேவாரம் பாடுறவர். ரெகுலர் கோர்ட் இன்டர்ப்ரெட்டர் கிடையாது, தமிழுக்கு ஆள் கிடைக்காம அந்த நாளுக்கு மட்டும் புடிச்சது. அவர் இவன "வாங்க தம்பி"ன்னு கூப்பிட்டப்ப நாங்க எல்லாம் உருகிட்டோம், அம்மாடி நம்ம பாஷை பேசுற ஆள் கிடைச்சாச்சுன்னு. நான் பின்னாடி பெஞ்சுல இருந்தேன். அந்த ஹால்ல சத்தம் சரியா கேக்காது, ஃபேன் ஓடுது, அவர் மெதுவா பேசுறார். நான் பாதி கேட்டேன் பாதி கேக்கல, கேட்ட பாதியில ஒண்ணும் தப்பா படல.

2016 நவம்பர்ல தீர்ப்பு. குற்றவாளி. தீர்ப்புல சொன்னது என்னன்னா, குற்றம் சாட்டப்பட்டவர் போலீஸ்கிட்டயும் அவங்கள தெரியும்னு சொல்லியிருக்கார், கோர்ட்டுலயும் சத்தியம் பண்ணிட்டு அவங்கள தெரியும்னு சொல்லியிருக்கார், வாட்ச்மேன் சொன்னதோட இது பொருந்துது. முதல் தடவை கொள்ளை கேஸ்ல மாட்டுறவங்களுக்கு சட்டப்படி குறைஞ்சபட்சம் பதினஞ்சு வருஷம். அதையே குடுத்தாங்க. மச்சினனுக்கு அப்ப இருபத்தஞ்சு வயசு. பெரியவர்தான் அத அவனுக்கு தமிழ்ல சொல்ல வேண்டியிருந்துச்சு. "பதினஞ்சு வருஷம் தம்பி"ன்னு சொல்லிட்டு அவரே கண்ண தொடச்சிகிட்டார்.

கோர்ட்டுல அவங்கள தெரியும்னு எப்படா சொன்னேன்னு அடுத்த வாரம் ஜெயில்ல கண்ணாடிக்கு இந்தப் பக்கத்துலேருந்து கேட்டேன். "நான் எங்க மாமா சொன்னேன், பாத்தா தெரியும்னுதான சொன்னேன்"ங்கிறான். அப்பதான் எனக்கு பொறி தட்டுச்சு. ஸ்டேஷன்ல அவனோட ஓட்டை இங்கிலீஷ்ல ஒரு தப்பு, கோர்ட்டுல பெரியவரோட மொழிபெயர்ப்புல அதே தப்பு. ரெண்டு தப்பும் ஒரே மாதிரி இருந்ததால ஒண்ணுக்கொண்ணு சாட்சியா ஆயிடுச்சு. நம்ம பாஷையில தெரியும்னா அறிமுகம்னும் அர்த்தம், அடையாளம் புரியும்னும் அர்த்தம், கண்ணுக்குத் தெரியுதுன்னும் அர்த்தம். முன்னாடி வர்ற அந்த 'பாத்தா' போச்சுன்னா மனுஷனே போயிட்டான்.

அப்பீல் பத்தி. இதுல நாள் கணக்கு ரொம்ப முக்கியம். தீர்ப்பு, தண்டனை குடுத்து 14 நாளுக்குள்ள அதே மாஜிஸ்ட்ரேட்கிட்ட அப்பீலுக்கு அனுமதி கேக்கணும். அவர் மறுத்தா 21 நாளுக்குள்ள ஹை கோர்ட்டுக்கு பெட்டிஷன். நாள் தாண்டுனா தாமதத்துக்கு மன்னிப்பு கேட்டு தனியா மனு போடணும். எங்களுக்கு மாஜிஸ்ட்ரேட் மறுத்தார், பெட்டிஷன்ல ஹை கோர்ட் அனுமதி குடுத்துச்சு. அப்பதான் புது வக்கீல் வந்தாங்க, மூணு தலைமுறைக்கு முன்னாடி வேலூர் பக்கத்துலேருந்து வந்த குடும்பம், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, என்னைய மட்டும் அண்ணாம்பாங்க. வீட்டுக்காரம்மா நகை, ஊர்ல என் பங்கு நிலம் ரெண்டு மா, எல்லாம் அதுக்குப் போச்சு. போனது போகட்டும்.

அடுத்தது டிரான்ஸ்கிரிப்ட். கேஸ் நடந்தத பூரா ரெக்கார்ட் பண்ணி வச்சிருப்பாங்க, அத டைப் அடிச்சு குடுத்தாதான் ஹை கோர்ட் படிக்கும். அது வர ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒரு நாள் விசாரணை காணோம்னாங்க, அப்புறம் கிடைச்சுதுன்னாங்க. இந்த ஊர் ஜெயில்கள்ல டிரான்ஸ்கிரிப்ட் வராததாலயே அப்பீல் நடக்காம கிடக்குறவங்க எத்தனையோ பேர், மச்சினன் இருந்த பிளாக்லயே இருந்தாங்க. நான் வாரம் ஒரு தடவை லீவு போட்டுட்டு கோர்ட் கிளர்க் ஜன்னல்ல போய் நிப்பேன். யார்கிட்ட பேசுனேன், என்ன தேதி, என்ன சொன்னாங்கன்னு ஒரு நோட்டுல எழுதிட்டு வருவேன். அந்த நோட்டு பின்னாடி வக்கீலுக்கு ரொம்ப உதவுச்சு.

டைப் அடிச்சது வந்தப்ப பாத்தா மச்சினன் பேசுன இடம் எல்லாம் அவன் பேச்சே இல்ல. மொழிபெயர்ப்பாளர் சொன்ன இங்கிலீஷ் மட்டும்தான், இவன் பேசுன தமிழ் இருக்க வேண்டிய இடத்துல வேற்று மொழின்னு ஒரு வரி. அப்ப நான் வக்கீல்கிட்ட ஒரு முட்டாள்தனமான கேள்வின்னு நினைச்சுதான் கேட்டேன், மேடம் ரெக்கார்டிங் இருக்கும்ல, அதுல தமிழும் இருக்கும்லன்னு. அவங்க என்னையே பாத்துகிட்டு இருந்தாங்க. அப்புறம் போன எடுத்தாங்க.

ரெக்கார்டிங் காப்பி கைக்கு வர அஞ்சு வாரம். அவங்க ஆபீஸ்ல ஹெட்போன மாட்டிகிட்டு நான் உக்காந்தேன். ஃபேன் சத்தம், யாரோ இருமுறாங்க, பேப்பர் புரட்டுற சத்தம். அப்புறம் மச்சினன் குரல், ஒரு வருஷத்துக்கும் மேல முன்னாடி இருந்த குரல், ஜெயில்ல கம்மிப் போன குரல் இல்ல. நாப்பத்தோராவது நிமிஷம். கேள்வி வருது, பெரியவர் தமிழ்ல கேக்குறார், "அந்த ஆளுங்கள உமக்குத் தெரியுமா?" இவன் சொல்றான், "மொகத்த பாத்தா தெரியும் ஐயா, ஒருத்தன் மொகம் நல்லா மனசுல இருக்கு". ரெண்டு செகண்ட் அமைதி. பெரியவர் குரல் இங்கிலீஷ்ல, "ஹி சேஸ் எஸ், ஹி நோஸ் தெம், ஒன் ஆஃப் தெம் வெரி வெல்." அதாவது ஆமா, அவங்கள தெரியும், ஒருத்தன நல்லாவே தெரியும்ங்கிறான்னு. நான் ஹெட்போன கழட்டி மேசையில வச்சுட்டு அழுதேன். வக்கீலுக்கு ஒண்ணும் புரியல, திரும்ப போடச் சொல்லி திரும்ப திரும்ப கேட்டோம், நான் ஒவ்வொரு வார்த்தையா சொல்லிக் குடுத்தேன்.

ஆனா நான் சொன்னா கோர்ட்டுல செல்லாது, நான் சொந்தக்காரன். ஹை கோர்ட்டுல பதிவு பண்ண சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளர்தான் கேட்டு அஃபிடவிட் குடுக்கணும். தமிழுக்கு அப்படி ஒருத்தர தேடிப் புடிச்சோம், அவர் அந்த ஒரு மணி நேரத்த கேட்டு பதினேழு இடத்துல மொழிபெயர்ப்பு மாறியிருக்குன்னு குடுத்தார். பதினாறு சில்லறை. ஒண்ணுதான் உயிர்.

உங்களுக்கோ உங்க ஆளுக்கோ கோர்ட்டுல மொழிபெயர்ப்பு தேவைப்பட்டா, முதல்ல அந்த மொழிபெயர்ப்பாளர்கிட்ட விசாரணைக்கு முன்னாடியே அஞ்சு நிமிஷம் ஊர்க்கதை பேசிப் பாருங்க. புரியலன்னா அங்கயே வக்கீல் மூலமா சொல்லிடணும், அது ரெக்கார்ட்ல ஏறணும். அப்புறம் நீங்க பேசும்போது ரெட்டை அர்த்தம் வர்ற வார்த்தையே வேணாம். தெரியும்னு சொல்லாதீங்க, முன்ன பின்ன பாத்ததில்ல, இப்ப காட்டுனா அடையாளம் சொல்லுவேன்னு நீட்டி முழக்கி சொல்லுங்க. சின்னச் சின்ன வாக்கியமா பேசி நிறுத்தணும். ரெண்டு பாஷையும் தெரிஞ்ச ஒருத்தர் நோட்டு பேனாவோட முன் பெஞ்சுல உக்காரணும், என்னைய மாதிரி பின்னாடி உக்காந்து பாதி கேட்டுட்டு நல்லாத்தான் போகுதுன்னு நினைக்கக் கூடாது.

அந்த காலத்துல நான் மத்தவங்க கேஸ் எல்லாம் தேடித் தேடி படிச்சேன், தூக்கம் வராது, வேற என்ன செய்யறது. தெம்பெகிலே மொலௌட்சின்னு ஒருத்தர், சக குற்றவாளி சொன்ன வாக்குமூலத்த வச்சு ஆயுள் தண்டனை, பதினோரு வருஷம் உள்ள இருந்தார். அரசியல் சட்ட கோர்ட்டே ஒரு தடவை அவர் மனுவ தள்ளிடுச்சு, அப்புறம் 2015ல அதே கோர்ட் தன்னோட முடிவ தானே திருப்பி அவர விடுதலை பண்ணுச்சு. மச்சினன் மனசு உடைஞ்சு இருக்கும்போது இதத்தான் போன்ல சொல்லுவேன். ஃபூசி மொஃபோகெங், ட்ஷோகோலோ மொகொயேனா கதைய மட்டும் அவன்கிட்ட சொல்லல. 1992ல ஒரு போலீஸ்காரர் செத்த கேஸ்ல, சம்பவ இடத்துலயே இல்லாதவங்கள உள்ள போட்டு, 19 வருஷம் கழிச்சு 2011ல பரோல்ல விட்டாங்க. நடுவுல, நிறவெறி ஆட்சி காலத்துக் கொடுமைகள விசாரிச்ச உண்மை ஆணையத்துகிட்ட பொது மன்னிப்பு கேட்டா, நீங்கதான் குத்தமே செய்யலங்கிறீங்களே, செய்யாத குத்தத்துக்கு எப்படி மன்னிப்பு குடுக்கறதுன்னு தள்ளிட்டாங்க. செஞ்சவன் ஒத்துகிட்டு வெளிய வர்றான், செய்யாதவன் உண்மைய சொல்லி உள்ள இருக்கான். இத படிச்ச அன்னைக்கு நான் சாப்பிடல.

ஊர்ல எங்க அத்தைகிட்ட, அதான் மாமியார்கிட்ட, இவன் தூரத்துல ஒரு பண்ணையில வேலை பாக்குறான், அங்க டவர் கிடையாதுன்னு சொல்லி வச்சிருந்தோம். ஜெயில் போன்லேருந்து கார்டு போட்டு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எனக்குப் பேசுவான், நான் இன்னொரு போன்ல அத்தைய கூப்பிட்டு ரெண்டு போனையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வச்சுப் புடிப்பேன். "என்னய்யா அங்க ஒரே சத்தமா இருக்கு"ன்னு அத்தை கேக்கும். "மாட்டுக்கு தண்ணி காட்டுறாங்கம்மா"ம்பான்.

2018 ஆகஸ்ட்ல ஹை கோர்ட்டுல ரெண்டு நீதிபதிங்க முன்னாடி அப்பீல். அரசாங்க வக்கீலே அந்த மொழிபெயர்ப்ப காப்பாத்த முடியாதுன்னு ஒத்துக்கிட்டார். அந்த வார்த்தை விழுந்ததும் ஸ்டேஷன் ஸ்டேட்மென்ட்டும் நிக்கல, ஏன்னா அதுவும் அதே மாதிரி மொழிபெயர்ப்பாளர் இல்லாம எழுதுனது. மிச்சம் வாட்ச்மேன் மட்டும். ஒத்த சாட்சி சொல்ற அடையாளத்த ரொம்ப ஜாக்கிரதையாத்தான் ஏத்துக்கணும்னு இந்த நாட்டுல 1972ல ம்தெத்வா வழக்குலேருந்து சொல்லிகிட்டு வர்றாங்க, சாட்சி நேர்மையா இருந்தா மட்டும் போதாது, பாத்தது சரியான்னும் பாக்கணும்னு. முக்கால் மணி நேரத்துல முடிஞ்சுது. ரெண்டு வருஷம் பதினோரு மாசம் போனது முக்கால் மணி நேரத்துல சரியாச்சு.

நான் எந்திரிச்சு கும்பிடப் போனேன், வக்கீல் கைய புடிச்சு உக்கார வச்சாங்க. அண்ணா, விடுதலை வாரண்ட் ஜெயில் ஆபீஸ் மேசைக்கு போய் சேர்ற வரைக்கும் கொண்டாடாதீங்கன்னாங்க. அப்பதான் ஜோனத்தன் சீலண்ட் கதைய சொன்னாங்க. 1999 ஆகஸ்ட்ல அப்பீல்ல ஜெயிச்ச மனுஷன், கோர்ட் ஆபீஸ்லேருந்து அந்த ஒரு பேப்பர் போகாததால தண்டனைக் கைதியாவே 2004 டிசம்பர் வரைக்கும் உள்ள இருந்தார். ஒரு பேப்பருக்கு அஞ்சு வருஷம். அன்னைக்கு நானும் வக்கீலோட அசிஸ்டென்ட்டும் கிளர்க் ஆபீஸ்லயே உக்காந்து வாரண்ட் டைப் ஆகி சீல் வாங்கி, கார்லயே எடுத்துட்டு ஜெயிலுக்குப் போனோம். அடுத்த நாள் காலையில வெளிய வந்தான். அரெஸ்ட் ஆனப்ப போட்டிருந்த அதே சட்டை, இடுப்புல பேன்ட் நிக்கல, ஒரு பிளாஸ்டிக் கயிறு கட்டியிருந்தான்.

நஷ்ட ஈடு கிடைச்சுதான்னு எல்லாரும் கேப்பாங்க. இல்ல. தப்பா தண்டனை குடுத்துட்டோம்னு தானா குடுக்குற சட்டம் இங்க கிடையாது, நாமதான் வழக்கு போடணும். அரசாங்கத்து மேல வழக்குன்னா ஆறு மாசத்துக்குள்ள எழுத்து மூலமா நோட்டீஸ் குடுக்கணும், அரெஸ்ட் சம்பந்தமான வழக்குக்கு மூணு வருஷக் கெடு. நாங்க அப்பீல்லயே மூழ்கி இருந்ததுல நோட்டீஸ் குடுக்கவே இல்ல, எங்களுக்குத் தெரியவும் தெரியாது. 2021ல மஹ்லாங்குங்கிற வழக்குல, சித்ரவதை பண்ணி வாக்குமூலம் வாங்கி எட்டு மாசத்துக்கு மேல உள்ள வச்சதுக்கு ஒருத்தருக்கு 5,50,000 ராண்டும் இன்னொருத்தர் செத்துப் போனதால அவர் குடும்பப் பக்கத்துக்கு 5,00,000 ராண்டும் குடுக்கச் சொல்லி தீர்ப்பாச்சு. அத பேப்பர்ல பாத்தப்ப சந்தோஷமாவும் இருந்துச்சு, வயிறு எரிஞ்சும் போச்சு. அரெஸ்ட் ஆன முதல் வாரமே வக்கீல்கிட்ட நோட்டீஸ் பத்தி கேட்டுடுங்க, கேஸ் முடியட்டும்னு காத்திருக்காதீங்க.

உள்ள இருக்கும்போதே அவன் பெர்மிட் முடிஞ்சு போயிருந்துச்சு, அத சரி பண்ணி ஊருக்கு அனுப்ப இன்னும் மூணு மாசம். பின்னாடி கல்ஃப் போகலாம்னு போலீஸ் கிளியரன்ஸ் கேட்டப்ப பழைய தண்டனை அப்படியே நிக்குது, ஹை கோர்ட் தீர்ப்பு நகல சான்றளிச்சு அனுப்பி அழிக்கச் சொல்லி எழுத வேண்டியதாச்சு. தானா அழியாது. தீர்ப்போட ஒரிஜினல் சீல் வச்ச நகல் நாலஞ்சு வாங்கி வச்சுக்கங்க, நான் ரெண்டுதான் வாங்கினேன், பத்தல.

அந்தப் பெரியவர ஆடிக் கூழுக்கு கோயில்ல பாத்தேன். என்னைய அடையாளம் கண்டுகிட்டு கிட்ட வந்தார், "தம்பி எப்படி இருக்கு?"ன்னு கேட்டார். விடுதலை ஆயிட்டான் ஐயான்னேன். ரெண்டு கையையும் மேல தூக்கி அம்மா தாயேன்னு கும்பிட்டார். எதனால விடுதலைன்னு அவர் கேக்கல, நானும் சொல்லல. வீட்டுக்காரம்மாவுக்கு இதுல என் மேல கோவம், சொல்லியிருக்கணும், அடுத்து இன்னொருத்தனுக்கு அவரே போய் நின்னா என்ன ஆகுங்கிறா. அவ சொல்றது நியாயம்தான். அதனால கோயில் கமிட்டி மூலமா வக்கீலம்மாகிட்ட ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கோம், டர்பன் சுத்துவட்டாரத்துல தமிழ் மட்டும் தெரிஞ்ச யார் கேஸ்னாலும் எனக்கு முதல் நாளே போன் வரும், நான் லீவு போட்டுட்டு நோட்டோட முன் பெஞ்சுல போய் உக்காருவேன். போன மார்ச்ல ஒரு இலங்கைப் பையன் கேஸ். "நான் அவரோட கதைச்சனான், ஆனா காசு குடுக்கேல்ல"ன்னான், கதைச்சங்கிறது அவங்க பேச்சுல பேசுனேன்னு அர்த்தம், அது மொழிபெயர்த்தவங்களுக்குப் புரியல, கதை கட்டுனேன்னு சொல்றான்னு இங்கிலீஷ்ல போகப் பாத்துச்சு. நோட்டுல எழுதி வக்கீல் கையில தள்ளுனேன், அவர் எந்திரிச்சு நிறுத்தினார், மாஜிஸ்ட்ரேட் அந்தக் கேள்விய திரும்பக் கேக்கச் சொன்னார்.